முத்தும் வண்ணக் கற்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முத்து, வண்ணக் கல் நகைகளை வாங்க நினைப்பவர்களும் ஏற்கெனவே வைத்திருப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேள்விகள் கேட்டவர்களின் பேச்சிலேயே இருக்கின்றன. எளியவை முதலில், சிக்கலானவை பிறகு. ஒரு முறை சொன்னதைத் திருப்பிச் சொல்லாமல், தேவையான இடத்தில் கேள்வி எண் மட்டும் கொடுத்திருக்கிறோம்.

1. முத்து வைரம் மாதிரி மின்னவே இல்லையே, அப்புறம் ஏன் எல்லாருக்கும் பிடிக்குது?

பட்டை தீட்டிய கல்லுக்குள் வெளிச்சம் புகுந்து, அடிப்பக்கப் பட்டைகளில் மோதித் திரும்பி, பொறிப்பொறியாக வெளியே வருகிறது. முத்தில் பட்டையே கிடையாது. அரகோனைட் என்ற சுண்ணாம்புப் படிகத் தகடுகள் ஆயிரக்கணக்கில் அடுக்கடுக்காகப் படிந்ததுதான் அதன் மேற்படலம். ஒவ்வொரு தகடும் ஏறக்குறைய அரை மைக்ரான் கனம். இடையில் கான்கியோலின் என்ற புரதம் பசைபோல் இருக்கிறது. விழும் வெளிச்சத்தில் கொஞ்சம் மேலடுக்கிலிருந்தும் கொஞ்சம் ஆழத்து அடுக்குகளிலிருந்தும் திரும்புவதால், ஒளி உள்ளேயிருந்து கசிவதுபோல் தோன்றுகிறது. தகட்டின் கனம் கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளத்தை ஒட்டியே இருக்கிறது. அதனால் திரும்பும் கதிர்கள் ஒன்றோடொன்று கலந்து இளஞ்சிவப்பு, பச்சைச் சாயல்களையும் தருகின்றன. தண்ணீரில் மிதக்கும் எண்ணெய்ப் படலத்தில் நிறம் தெரிவதும் இப்படித்தான்.

அணியும்போது இதன் பலன் தெரியும். வண்ணக் கல் பார்வையை ஒரு புள்ளிக்கு இழுக்கும். முத்து வெளிச்சத்தைப் பரப்பி, பக்கத்துத் தோலையும் சேர்த்து மென்மையாகக் காட்டும். தோட்டிலும் கழுத்தை ஒட்டிய சரத்திலும் முத்து எடுபடுவது இதனால்தான். இந்த அழகைத் தரும் அடுக்கமைப்பேதான் முத்தின் பலவீனமும். அது 9ஆம் கேள்வியில் வருகிறது.

2. வளர்ப்பு முத்துன்னா செயற்கை முத்துதானே?

இல்லை. அதையும் சிப்பிதான் உருவாக்குகிறது, தொடங்கி வைப்பது மட்டும் மனிதக் கை. நன்னீர் மட்டியின் ஓட்டைக் கடைந்து செய்த ஒரு சிறு மணியையும், வேறொரு முத்துச்சிப்பியின் மேலுறைத் திசுவில் வெட்டிய ஒரு துண்டையும் சிப்பிக்குள் வைக்கிறார்கள். அந்தத் திசு மணியைச் சுற்றிப் பைபோல வளர்ந்து முத்துப்படலத்தைச் சுரக்கிறது. ஜப்பானின் கோகிச்சி மிகிமோட்டோ 1893இல் அரைக்கோள முத்தை வளர்த்துக் காட்டினார். முழு உருண்டை முத்தை வளர்க்கும் முறை அதற்கடுத்த சுமார் இருபது ஆண்டுகளில் அங்கேயே உருவானது.

இன்று விற்பனையில் இருப்பது கிட்டத்தட்ட முழுக்க வளர்ப்பு முத்துதான். செயற்கை என்று சொல்ல வேண்டியது கண்ணாடி, பிளாஸ்டிக், ஓட்டுத்தூள் மணிகளின் மேல் பளபளப்புப் பூச்சு கொடுத்தவற்றை மட்டுமே.

3. அக்கோயா, சவுத் சீ, தஹிதி, நன்னீர்னு ஏகப்பட்ட பேர் சொல்றாங்க. என்ன வித்தியாசம்?

சிப்பி வேறு, அதனால் அளவும் நிறமும் படலத்தின் கனமும் வேறு. அக்கோயா சிறிய சிப்பி. முத்து பெரும்பாலும் 6 முதல் 8 மி.மீ. வரை இருக்கும். வெள்ளை அல்லது பால்நிறம், அதில் இளஞ்சிவப்புச் சாயல். படலம் பெரும்பாலும் 1 மி.மீ.க்குள்தான், ஆனால் கண்ணாடிபோன்ற கூர்மையான பளபளப்பு இதில்தான் அதிகம். சவுத் சீ முத்து பெரிய சிப்பியில் விளைவது, பொதுவாக 9 முதல் 16 மி.மீ. ஆஸ்திரேலியாவில் வெள்ளி வெண்மை, பிலிப்பைன்ஸிலும் இந்தோனேசியாவிலும் பொன்னிறம். படலம் கனமானது, பளபளப்பு பட்டுபோல் அடங்கியது. தஹிதி முத்து பிரெஞ்சு பாலினீசியாவின் கறுப்பு உதட்டுச் சிப்பியில் விளைகிறது, 8 முதல் 14 மி.மீ. வரை.

நன்னீர் முத்தில் பெரும்பாலும் மணி வைப்பதில்லை, திசுத் துண்டு மட்டும்தான். ஒரே மட்டியில் ஒரே சமயம் முப்பது நாற்பது முத்துகள்கூட வளரும். அதனால் விலை குறைவு. ஆனால் உள்ளே மணி இல்லாததால் முத்து முழுவதும் படலம்தான். அன்றாடம் அணிய இதைவிட நல்ல தேர்வு இல்லை என்பதே எங்கள் கருத்து. பெயருக்காக மெல்லிய படல அக்கோயாவை வாங்குவதைவிட, நல்ல ஒளியுள்ள நன்னீர்ச் சரம் மேல்.

4. சரம் வாங்கும்போது முதல்ல எதைப் பார்க்கணும்? அளவா, உருண்டையா?

முதலில் பளபளப்பு. விளக்கோ ஜன்னலோ முத்தின் மேல் எப்படிப் பிரதிபலிக்கிறது என்று பாருங்கள். அதன் விளிம்பு கூர்மையாகத் தெரிந்தால் நல்ல முத்து. கலங்கிய வெள்ளைத் திட்டாகத் தெரிந்தால் சுண்ணாம்புத் தன்மை. பிறகு மேற்பரப்பின் குழிகளும் கீறல்களும், அடுத்து வடிவம், நிறம். அளவு கடைசியில்தான். 9 மி.மீ. மங்கல் முத்தைவிட 7 மி.மீ. ஒளி முத்து கழுத்தில் பெரிதாகத் தெரியும்.

பிறகு சரத்தை வெள்ளைத் துணிமேல் நேராக வைத்து மெல்ல உருட்டுங்கள். நடுவில் துளைக்காத முத்து தள்ளாடிக் காட்டிக்கொடுக்கும். மணி வைத்து வளர்த்த முத்தில் படலம் மெல்லியதாக இருந்தால், உருட்டும்போது வெளிச்சமும் இருட்டும் மாறி மாறி வரும். உள்ளிருக்கும் மணியின் வரிகள்தான் அப்படித் தெரிகின்றன. அப்படிப்பட்ட சரத்தை ஒதுக்கிவிடுங்கள், சில ஆண்டுகளில் படலம் உரிய ஆரம்பிக்கும். நிறத்தைப் பெட்டியின் வெல்வெட்டில் வைத்துத் தீர்மானிக்காதீர்கள். உங்கள் கழுத்தில் வைத்து, பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.

5. பல்லுல தேய்ச்சுப் பார்த்தா போலி தெரிஞ்சிடும்னு சொல்றாங்க, உண்மையா?

பாதி உண்மை. அடுக்குத் தகடுகளின் விளிம்பு பல்லில் மெல்லிய நறநறப்பாகத் தட்டுப்படும். பூச்சு மணி வழுக்கும். இரண்டு முத்துகளை ஒன்றோடொன்று லேசாக உரசினாலும் இதே உணர்வு விரலுக்குக் கிடைக்கும், வாய்க்கே கொண்டுபோக வேண்டாம். ஆனால் இது பூச்சு மணியை மட்டும்தான் பிரித்துக் காட்டும். வளர்ப்பா இயற்கையா என்று சொல்லாது, இரண்டுமே நறநறக்கும்.

இதைவிட உறுதியான இடம் துளை. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் துளையின் வாயைப் பாருங்கள். போலியில் பூச்சு செதில்செதிலாகப் பெயர்ந்து, அடியில் கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ தெரியும். மணி வைத்த வளர்ப்பு முத்தில் படலத்துக்கும் மணிக்கும் நடுவே ஒரு கோடு தெரியும். சரத்தின் எல்லா முத்துகளும் ஒரே அச்சில் வார்த்ததுபோல் துளி வேறுபாடின்றி இருந்தாலும் சந்தேகப்படுங்கள். பிளாஸ்டிக் மணியைக் கையில் தூக்கினாலே எடையின்மை தெரிந்துவிடும்.

6. கறுப்பு முத்து எல்லாமே சாயம் போட்டதா?

தஹிதி முத்தின் நிறம் சிப்பி தந்தது. அதைக் கறுப்பு என்று சொன்னாலும் உற்றுப் பார்த்தால் சாம்பல், மயில்பச்சை, கத்தரிப்பூ என்று பல சாயல்கள் கலந்திருக்கும், ஒரு முத்து இன்னொன்றோடு அச்சாகப் பொருந்தாது. 6 மி.மீ. அளவில் ஒரே கறுப்பாக ஒரு சரம் கிடைத்தால் அது பெரும்பாலும் சாயம் ஏற்றிய நன்னீர் அல்லது அக்கோயா முத்து. துளையின் ஓரத்திலும் மேற்பரப்புக் குழிகளிலும் நிறம் திட்டாகத் தேங்கியிருப்பது இன்னொரு அடையாளம். சாய முத்து வாங்குவதில் தவறில்லை. சாயம் என்று சொல்லி, அதற்கான விலையில் விற்க வேண்டும், அவ்வளவுதான்.

7. கோணல்மாணலா இருக்கிற முத்து மட்டமானதா?

உருண்டைக்கு விலை கூடுதல், ஏனென்றால் அது அரிது. ஆனால் பரோக் எனப்படும் ஒழுங்கற்ற முத்துகளில் மேடுபள்ளம் இருப்பதால் வானவில் சாயல் இன்னும் நன்றாகத் தெரியும். ஒற்றைப் பதக்கத்துக்கும் தொங்கட்டானுக்கும் இவை மிகவும் எடுப்பானவை.

8. என் கழுத்துக்கு எந்த நீளம் சரியா இருக்கும்?

முதலில் ஒரு நூலைக் கழுத்தைச் சுற்றித் தளர்வாக வைத்து அளந்துகொள்ளுங்கள். 35 முதல் 41 செ.மீ. வரையானது கழுத்தடியில் உட்காரும், 43 முதல் 48 வரை காறை எலும்புக்குச் சற்றுக் கீழே வரும், 50 முதல் 60 வரை மார்பின் மேல்பகுதி, 70 முதல் 90 வரை மார்புக்குக் கீழே. 90க்கு மேல் இருந்தால் இரட்டையாகச் சுற்றியும் போடலாம். ஒரே ஒரு சரம்தான் வாங்குவீர்கள் என்றால் 45 செ.மீ. வாங்குங்கள். உருண்டைக் கழுத்து ஆடைக்கும் அகலக் கழுத்து ஆடைக்கும் ஒருசேரப் பொருந்துவது அதுதான். முத்து பெரிதாகப் பெரிதாக உள்சுற்று குறையும். அதனால் 10 மி.மீ.க்கு மேற்பட்ட முத்து என்றால் 2 செ.மீ. கூட்டிக்கொள்ளுங்கள்.

9. தினமும் போட்டா முத்து கெட்டுடுமா?

போடுவதால் கெடுவதில்லை, கூடவே படுபவற்றால்தான் கெடுகிறது. கீறலைத் தாங்கும் திறனை 1 முதல் 10 வரை காட்டும் மோஸ் அளவில் முத்தின் கடினத்தன்மை 2.5 முதல் 4.5 தான். தூசியில் இருக்கும் குவார்ட்ஸ் துகள் 7. அதோடு முத்து சுண்ணாம்பால் ஆனது, எந்த அமிலமும் அதை அரிக்கும். வியர்வை, எலுமிச்சைச் சாறு, வினிகர், வாசனைத் திரவியம், முடித் தெளிப்பான் எல்லாமே மேலடுக்கின் ஒளியை மெல்ல மங்கச் செய்யும். அதனால் அலங்காரம் முழுவதும் முடித்த பிறகு கடைசியாக அணிந்து, வந்ததும் முதலில் கழற்றுங்கள். கழற்றியதும் சற்றே ஈரமான மென்துணியால் துடைத்து, நூல் உலரும்வரை தட்டையாக வைத்துவிடுங்கள்.

கான்கியோலின் காய்ந்தால் முத்து வெடிக்கும். ஆகவே வறண்ட பெட்டகத்தில் காற்றுப்புகாத பிளாஸ்டிக் பையில் ஆண்டுக்கணக்கில் பூட்டி வைப்பதுதான் மிகப் பெரிய தவறு. துணிப்பையில் வைத்து அவ்வப்போது எடுத்து அணியுங்கள். கொக்கியில் தொங்கவிட்டால் நூல் நீண்டுவிடும்.

10. பழைய முத்து மஞ்சளா மாறிடுச்சு. வெளுக்க வைக்க முடியுமா?

மேலே படிந்த வியர்வை, எண்ணெய் அழுக்குதான் காரணம் என்றால் மென்சோப்பு கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்தாலே நிறம் திரும்பும். புரதம் வயதாகி உள்ளுக்குள் மஞ்சளானால் அது திரும்பாது. ஹைட்ரஜன் பெராக்சைடை வீட்டில் முயலாதீர்கள். பண்ணைகளில் அதைக் கொண்டு வெளுப்பது உண்மைதான், ஆனால் அது அளவும் வெப்பமும் கட்டுப்படுத்திச் செய்வது. வீட்டில் செய்தால் படலம் சுண்ணாம்பாக வெளிறி, இருந்த ஒளியும் போகும். பற்பசையும் சமையல் சோடாவும் உப்புக் காகிதம் போட்டுத் தேய்ப்பதற்குச் சமம். பூச்சு மணியாக இருந்து மஞ்சளாகியிருந்தால் செய்வதற்கு எதுவுமில்லை.

11. எவ்வளவு நாளைக்கு ஒரு தடவை மறுபடி கோர்க்கணும்? நடுவுல முடிச்சு எதுக்கு?

அடிக்கடி அணிந்தால் ஒன்று அல்லது இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை. நாள்கணக்கைவிட நூலைப் பாருங்கள். முடிச்சுக்கும் முத்துக்கும் நடுவே இடைவெளி தெரிந்தாலோ, நூல் கறுத்திருந்தாலோ, கொக்கியின் அருகே இழை பிரிந்திருந்தாலோ நேரமாகிவிட்டது. பெரும்பாலும் கொக்கியை ஒட்டித்தான் அறும்.

முடிச்சு இரண்டு வேலை செய்கிறது. நூல் அறுந்தால் ஒரு முத்தோடு போகும், சரம் முழுவதும் சிதறாது. அதோடு பக்கத்து முத்துகள் ஒன்றையொன்று துளையோரத்தில் உரசித் தேய்வதையும் தடுக்கிறது. நூல் பட்டாக இருக்கட்டும், துளையில் இரண்டு இழை இறுக்கமாகப் போகும் கனம் வேண்டும். நூல் மெலிந்தால் முடிச்சு துளைக்குள் நழுவிவிடும். நைலான் மீன் நூல் வலுவானதுதான், ஆனால் சரம் விறைத்து நிற்கும், கழுத்தில் படியாது.

12. தோட்டுல இருந்து முத்து மட்டும் கழண்டு விழுந்துடுச்சு. சூப்பர் க்ளூ போட்டு ஒட்டலாமா?

ஒட்டலாம், ஆனால் சீக்கிரம் திரும்ப விழும். அந்தப் பசை காய்ந்ததும் நொறுங்கும் தன்மை கொண்டது, வழிந்து முத்தின் மேல் பட்டால் எடுக்கவும் முடியாது. இரண்டு பகுதி கலக்கும் எபாக்ஸிதான் சரி. முதலில் துளையிலும் கம்பியிலும் இருக்கும் பழைய பசையை ஊசிமுனையால் முழுவதும் சுரண்டுங்கள். பாதிக்குப் பாதி தோல்வி இந்தப் படியைத் தாண்டுவதால்தான். கம்பி வழுவழுப்பாக இருந்தால் அரத்தால் லேசாகச் சொரசொரப்பாக்குங்கள். பசையைக் கம்பியில் மட்டும் துளி அளவு தடவிச் செருகி, ஒரு நாள் முழுவதும் அசைக்காமல் விடுங்கள்.

உலோகத்தில் பற்றவைப்பு வேலை எதுவும் இருந்தால் முத்தைக் கழற்றிவிட்டுத்தான் செய்ய வேண்டும். தீயின் சூட்டில் முத்து கருகிவிடும்.

13. கலர் கல்லுக்கு நிறம் எங்கிருந்து வருது? மாணிக்கமும் நீலமும் ஒரே கல்லுன்னு கேள்விப்பட்டேன்.

சரியாகத்தான் கேள்விப்பட்டீர்கள். இரண்டும் கோரண்டம், அதாவது அலுமினியம் ஆக்சைடு. சுத்தமான கோரண்டத்துக்கு நிறமே இல்லை. சிறிதளவு குரோமியம் சேர்ந்தால் மாணிக்கம், இரும்பும் டைட்டானியமும் சேர்ந்தால் நீலம். மஞ்சள் புஷ்பராகமும் இதே குடும்பம்தான். மரகதம் பெரில் என்ற தாதுவில் குரோமியமோ வனேடியமோ சேர்ந்தது. அதே பெரிலில் இரும்பு சேர்ந்தால் அக்வாமரின்.

நிறத்தை மட்டும் வைத்துப் பெயர் சொன்னால் ஏமாற்றம்தான். பிரிட்டிஷ் அரச மகுடத்தில் பல நூற்றாண்டாக மாணிக்கம் என்று போற்றப்பட்ட ‘கறுப்பு இளவரசரின் மாணிக்கம்’ உண்மையில் சுமார் 170 காரட் எடையுள்ள சிவப்பு ஸ்பினல், கோரண்டமே அல்லாத வேறொரு தாது. அதனால் அதன் அழகு குறைந்துவிடவில்லை. ஸ்பினல் இன்றும் மதிப்புக்கேற்ற கவனம் பெறாத கல் என்றே சொல்வோம்.

14. கழற்றாம போடுற மோதிரத்துக்கு எந்தக் கல் தாங்கும்?

மாணிக்கம், நீலம் (கடினத்தன்மை 9), வைடூரியம் (8.5), ஸ்பினல் (8) ஆகியவை. காரணம் 9இல் சொன்ன தூசிக் கணக்கு. 7க்குக் கீழே இருக்கும் கல்லைத் துணியால் தூசி தட்டினாலே நுண்கீறல் விழும். ஓபல், டர்காய்ஸ், நிலாக்கல், பவளம், முத்து எல்லாம் அந்தப் பக்கம். இவற்றைத் தோட்டிலும் பதக்கத்திலும் வையுங்கள், அங்கே எதிலும் இடிபடாது.

கீறலைத் தாங்குவது வேறு, அடியைத் தாங்குவது வேறு. மரகதம் 7.5 முதல் 8 வரை கடினம்தான், ஆனால் உள்ளே வெடிப்புகள் அதிகம் இருப்பதால் மேசை விளிம்பில் பட்டாலே மூலை தெறிக்கும். அதனால்தான் அதை மூலை மழுக்கிய செவ்வகமாக வெட்டுகிறார்கள். புஷ்பராகம் என்ற பெயரிலேயே சில இடங்களில் விற்கப்படும் டோபாஸ் 8 கடினம், ஆனாலும் ஒரு திசையில் வாழைப்பட்டை மாதிரி பிளக்கும். மரகத மோதிரம்தான் வேண்டும் என்றால் கல்லைச் சுற்றி உலோக விளிம்பு மூடிய பதிப்பைக் கேளுங்கள். நான்கு கால் மட்டும் பிடித்த பதிப்பு வேண்டாம்.

15. கடையில ஜொலிச்ச கல் வீட்டுக்கு வந்ததும் மங்கிடுச்சே, மாத்திட்டாங்களா?

பெரும்பாலும் மாறியது விளக்குதான். மஞ்சள் விளக்கில் சிவப்புக் கதிர் அதிகம், மாணிக்கமும் ஸ்பினலும் அதில் எழும். நீலம் அதில் கறுத்துப்போகும், பகல் வெளிச்சத்தில்தான் திறக்கும். அலெக்சாண்ட்ரைட் பகலில் பச்சை, மஞ்சள் விளக்கில் சிவப்பு. அதன் மதிப்பே அந்த மாற்றத்தில்தான். எந்தக் கல்லையும் மூன்று இடத்தில் பார்த்துவிட்டு வாங்குங்கள்: கடையின் குவிவிளக்கில், நேர்வெயில் படாத ஜன்னலோரத்தில், சாதாரண அறை விளக்கில். நீங்கள் அதிகம் அணியப்போகும் வெளிச்சத்தில் எது நன்றாக இருக்கிறதோ அதை எடுங்கள்.

அணிய ஆரம்பித்துச் சில வாரம் கழித்து மங்கினால் காரணம் வேறு: கல்லின் அடிப்பக்கத்தில் சோப்பும் எண்ணெயும் படிந்திருக்கும். அதற்கு 23ஐப் பாருங்கள்.

16. கல்லோட நடுவுல மட்டும் வெளிறி, கீழே இருக்கிற விரல் தெரியுது. ஏன்?

வெட்டு ஆழம் போதவில்லை. அடிப்பட்டைகள் தட்டையாக இருந்தால் வெளிச்சம் திரும்பாமல் நேராகக் கீழே போய்விடும். அச்செழுத்தின் மேல் கல்லை வைத்துப் பாருங்கள், நடுவில் எழுத்தை வாசிக்க முடிந்தால் வெட்டு சரியில்லை. எடையைக் காப்பாற்ற நினைத்து வெட்டும் கற்களில் இது சகஜம். நேர்மாறாக, மிக ஆழமாக வெட்டிய அடர்நிறக் கல்லில் கறுப்புத் திட்டுகள் தெரியும்.

17. உள்ளே புள்ளி, கீறல் இருந்தா கல் மட்டம்னு அர்த்தமா?

வண்ணக் கல்லில் முதல் மதிப்பு நிறத்துக்கு, உட்சுத்தம் அதற்குப் பிறகுதான். கையளவு தூரத்தில் கண்ணுக்குத் தெரியாத புள்ளி பொருட்டல்ல. மரகதத்தில் கண்ணுக்குத் தெரிவதும் இயல்பு. ஒரு குறையும் இல்லாத பெரிய மரகதம் விலை குறைவாகக் கிடைத்தால்தான் கவலைப்பட வேண்டும். நீலத்தில் ரூட்டைல் என்ற தாதுவின் நுண்ணூசிகள் ஒழுங்காக அமைந்தால் ஆறு கதிர் நட்சத்திரமே கிடைக்கும், அது பட்டையில்லாத குவிந்த வெட்டில்தான் தெரியும். மேற்பரப்பு வரை வந்து முட்டும் வெடிப்பு மட்டும் உண்மையான குறை, அங்கிருந்துதான் உடையும்.

18. சூடு பண்ணின கல், எண்ணெய் விட்ட மரகதம் எல்லாம் ஏமாத்து வேலையா?

சொல்லாமல் விற்றால் ஏமாற்று, சொல்லி விற்றால் இல்லை. மாணிக்கத்தையும் நீலத்தையும் 1,000 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடேற்றி நிறத்தைத் தெளிவாக்குவது உலகெங்கும் உள்ள வழக்கம். அந்த நிறம் நிரந்தரம். டான்சனைட் கிட்டத்தட்ட எல்லாமே சூடேற்றியதுதான். சந்தையில் கிடைக்கும் சிட்ரின் என்ற மஞ்சள் கல்லில் பெரும்பகுதி, அமெதிஸ்ட் என்ற ஊதாக் கல்லைச் சூடேற்றியதுதான். அடர்நீல டோபாஸ் கதிர்வீச்சுக்கு உட்படுத்தியது.

மரகதத்தில் எண்ணெய் விடுவது வேறு கதை. வெடிப்பில் புகுந்த எண்ணெயின் ஒளிவிலகல் கல்லின் ஒளிவிலகலுக்கு நெருங்கியிருப்பதால் வெடிப்பு கண்ணுக்கு மறைகிறது. இது நிரந்தரமல்ல. சூட்டிலும் சோப்பிலும் எண்ணெய் வெளியேறி, ஒரு நாள் திடீரென்று வெள்ளைக் கோடுகள் தெரியும். கல் உடைந்துவிட்டதென்று பதற வேண்டாம், மறுபடி எண்ணெய் ஏற்றலாம். எண்ணெய் எவ்வளவு என்பதுதான் கேள்வி: லேசானது ஏற்கத்தக்கது, மிகுதியானால் நீங்கள் வாங்குவது பாதி எண்ணெய்.

19. ஆய்வகத்துல செஞ்ச மாணிக்கம் வாங்கலாமா? எப்படிக் கண்டுபிடிக்கிறது?

வேதியியலிலும் கடினத்தன்மையிலும் அது மாணிக்கமேதான், அணிய எந்தக் குறையும் இல்லை. தீச்சுடரில் வளர்க்கும் முறையை ஆகுஸ்த் வெர்னாய் 1902இல் அறிவித்தார். ஆக, பழைய நகை என்பதாலேயே கல் இயற்கையானது என்று நினைக்க வேண்டாம். நூறாண்டு நகையிலும் இது இருக்கும். லென்ஸில் வளைந்த கோடுகளும் உருண்டைக் குமிழ்களும் தெரிந்தால் தீச்சுடர்க் கல். இயற்கைக் கல்லில் வளர்ச்சிக் கோடுகள் நேராகவும் கோணமாகவும் இருக்கும். வேறு முறைகளில் வளர்த்தவற்றை ஆய்வகம்தான் பிரிக்க முடியும்.

20. பெரிய மாணிக்கம் ரொம்பக் குறைஞ்ச விலைக்குக் கிடைச்சுது. பொற்கொல்லர்கிட்ட கொடுத்ததும் வெள்ளையாப் பூத்துப்போச்சு. ஏன்?

ஈயக் கண்ணாடி நிரப்பிய மாணிக்கம் அது. வெடிப்பு மலிந்த தரம்குறைந்த கோரண்டத்தில் உருகிய ஈயக் கண்ணாடியைப் பாய்ச்சித் தெளிவாக்குகிறார்கள். பற்றவைப்புச் சூடும், அதன்பின் உலோகத்தைக் கழுவும் அமிலமும் அந்தக் கண்ணாடியைக் கரைத்துவிடும். எலுமிச்சைச் சாறுகூடப் போதும். கல்லை ஆட்டிப் பார்க்கும்போது வெடிப்புக்குள் நீலப் பளிச்சும் தட்டையான குமிழ்களும் தெரிவது இதன் அடையாளம். 18இல் சொன்ன சூடேற்றலோடு இதைச் சேர்க்காதீர்கள். அங்கே மாறுவது கல்லின் நிறம், இங்கே கல்லோடு கண்ணாடியும் எடைக்கு விற்கப்படுகிறது. வேலைக்குக் கொடுக்கும் முன் கல்லைக் கழற்றச் சொல்வதே ஒரே காப்பு.

21. ஒரே காரட்தான், ஆனா மரகதம் பெரிசா, மாணிக்கம் சின்னதா இருக்கே?

காரட் என்பது எடை, 0.2 கிராம். மாணிக்கத்தின் அடர்த்தி 4, மரகதத்துக்கு 2.7. ஒரே வெட்டில் ஒரே எடைக்கு மரகதம் 13, 14 சதவீதம் அகலமாகத் தெரியும். ஜோடித் தோடு செய்யும்போது காரட்டைச் சொல்லாமல் மி.மீ. அளவைச் சொல்லுங்கள்.

22. முத்தும் கலர் கல்லும் ஒரே நகையில சேர்த்துப் போடலாமா?

அழகான சேர்க்கை, ஆனால் தொட்டுக்கொள்ளக் கூடாது. கோரண்ட மணியை முத்தோடு ஒட்டிக் கோர்த்தால் சில மாதத்திலேயே முத்தின் பக்கவாட்டில் வளையமாகத் தேய்மானம் விழும். இடையில் முடிச்சோ சிறு பொன் மணியோ வரட்டும், கல்லின் துளை விளிம்பும் மழுங்கியிருக்கட்டும்.

நிறத்தைப் பொறுத்தவரை, முத்தின் சாயலைத் தொடர்ந்து போவதே நல்லது. இளஞ்சிவப்புச் சாயல் முத்துக்கு மாணிக்கமும் இளஞ்சிவப்பு ஸ்பினலும், வெள்ளிச் சாயலுக்கு நீலமும் அக்வாமரினும், பொன்னிறத்துக்கு மரகதமும் அமெதிஸ்டும். இரண்டில் ஒன்றுதான் பேச வேண்டும். அடர்நிறக் கல் பெரிதாக இருந்தால் முத்து சிறியதாகவும் நிறைய எண்ணிக்கையிலும் இருக்கட்டும். இரண்டும் பெரிதானால் முத்துதான் தோற்கும்.

23. மிஷின்ல போட்டுக் கழுவித் தர்றேன்னு கடையில சொல்றாங்க. கொடுக்கலாமா?

மீயொலி இயந்திரத்தில் போடக் கூடாதவை முத்து, மரகதம், ஓபல், டான்சனைட், பவளம், கண்ணாடி நிரப்பிய மாணிக்கம். மீயொலி அதிர்வு வெடிப்பைப் பெரிதாக்கும், எண்ணெயை வெளியேற்றும். நீராவியும் இவற்றுக்கு ஆகாது. வெடிப்பில்லாத மாணிக்கத்துக்கும் நீலத்துக்கும் பாதகமில்லை, ஆனால் வீட்டிலேயே முடிகிற வேலை அது. வெதுவெதுப்பான தண்ணீரில் மென்சோப்பு கலந்து பத்து நிமிடம் ஊறவிட்டு, குழந்தைகளின் மென்பிரஷால் கல்லின் அடிப்பக்கத்தைத் துலக்கி, அலசித் துடைத்தால் போதும். அந்த நேரத்திலேயே பதிப்பின் கால்களையும் பாருங்கள். பருத்தித் துணியில் தேய்க்கும்போது இழை மாட்டினால் ஒரு கால் தூக்கியிருக்கிறது. காதருகே வைத்துத் தட்டும்போது சலசலத்தால் கல் ஆடுகிறது.

முத்தும் கல்லும் கலந்த நகையில் முத்துக்கான விதியே முழு நகைக்கும்: துடைப்பது மட்டும்தான், ஊறவைப்பதில்லை.

24. பழைய நகையில கல்லோட பின்பக்கம் மூடியிருக்கு. தண்ணி பட்டதும் நிறம் போயிடுச்சு. சாயமா?

பெரும்பாலும் இல்லை. பின்மூடிய பதிப்பில் கல்லுக்கு அடியில் மெல்லிய உலோகத் தாள் வைத்திருப்பார்கள். வெளிச்சத்தைத் திருப்பித் தருவதும், சில சமயம் நிறத்தைக் கூட்டுவதும் அந்தத் தாள்தான். தண்ணீர் புகுந்தால் தாள் கறுத்து, கல் செத்ததுபோல் தெரியும். தாளை மாற்றிப் பதிக்கலாம், தெரிந்த கை வேண்டும். இப்படிப்பட்ட நகையை நனைக்கவே கூடாது. மூடிய பதிப்பில் கல்லைச் சோதிப்பதும் கடினம். மேலே இயற்கைக் கல்லும் கீழே கண்ணாடியுமாக ஒட்டிய இரட்டைக் கல்கூட அங்கே மறைந்திருக்கும். பக்கவாட்டில் பார்க்க வழியில்லாத நகையை, உள்ளே என்ன இருக்கிறதென்று எழுத்தில் உறுதியில்லாமல் பெரிய விலைக்கு வாங்க வேண்டாம்.

25. சான்றிதழ்ல எதைப் படிக்கணும்?

மூன்று வரிகள் போதும். கல்லின் பெயர், அது இயற்கையா செயற்கையா, என்ன செய்யப்பட்டிருக்கிறது என்பவை அவை. ‘சூடேற்றிய அடையாளம் இல்லை’ என்றால் ஆய்வகம் அடையாளம் காணவில்லை என்றுதான் பொருள், சூடேற்றவே இல்லை என்ற உத்தரவாதம் அல்ல. மரகதத்தில் எண்ணெயின் அளவு குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு தாளில் இருக்கும் மி.மீ. அளவுகளும் எடையும் கையில் இருக்கும் கல்லோடு பொருந்துகின்றனவா என்று சரிபாருங்கள். நல்ல தாளை வேறு கல்லோடு சேர்த்து விற்பதுதான் இப்போதைய தந்திரம்.

எந்த நாட்டுக் கல் என்ற வரி, உட்பொருட்களையும் தடயத் தனிமங்களையும் ஒப்பிட்டு ஆய்வகம் தரும் கருத்து. பர்மா மாணிக்கம், காஷ்மீர் நீலம், கொலம்பியா மரகதம் என்றால் விலை ஏறும். அதே சுரங்கத்தில் மட்டமான கல்லும் விளையும். அணிவதற்கு வாங்குபவர் ஊர்ப்பெயருக்குக் கொடுக்கும் பணத்தை நிறத்துக்குக் கொடுக்கலாம்.

26. ‘இது வளர்ப்பு இல்லை, இயற்கை முத்து’ன்னு சொல்லித் தர்றாங்க. நானே சோதிக்க வழி இருக்கா?

இல்லை. 5இல் சொன்ன எதுவும் இயற்கை முத்து என்று உறுதிசெய்ய உதவாது. துளையில் மணியின் கோடு தெரிந்தால் வளர்ப்பு என்று உறுதியாகச் சொல்லலாம், தெரியாவிட்டால் இயற்கை என்று சொல்ல முடியாது. மணியில்லாத நன்னீர் முத்திலும் கோடு இருக்காது. பண்ணைச் சிப்பியில் தற்செயலாக விளையும் கேஷி முத்தும் முழுக்கப் படலம்தான்.

எக்ஸ்-ரே எடுத்து உள்ளமைப்பைப் பார்க்கும் ஆய்வகம் மட்டுமே தீர்ப்பு சொல்ல முடியும். மணி வைத்தது அதில் உடனே தெரியும். மணியில்லாதவற்றின் மையத்தில் இருக்கும் சிறு வெற்றிடத்தின் வடிவத்தை வைத்துத்தான் பிரிக்கிறார்கள், கேஷியில் அவர்களுக்கே சிரமம் உண்டு. ஆகவே இயற்கை முத்துக்கான விலை கேட்டால், அறிக்கை வந்த பிறகுதான் பணம் என்று சொல்லுங்கள். சரமாக இருந்தால் எல்லா முத்துகளையும் சோதித்ததா, சிலவற்றை மட்டும் சோதித்ததா என்று அறிக்கையில் பாருங்கள். பழைய சரங்களில் அறுந்து தொலைந்த முத்துகளுக்குப் பதிலாகப் பின்னாளில் வளர்ப்பு முத்தைச் சேர்த்துக் கோர்த்திருப்பது அடிக்கடி நடப்பது.